தோட்டத்தில் ஞாயிறும் வேலை என்றால் திருப்பலிக் கடமை என்னாகும்?

தேயிலைக் கொழுந்து அதிகமாக விளையும் மாதங்களில் ஞாயிறும் மலைக்குப் போக வேண்டியிருக்கிறது, அருட்தந்தையும் மாதம் ஒருமுறைதான் தோட்டத்துக் கோயிலுக்கு வருகிறார், அப்படியானால் நாங்கள் பாவத்தில் வாழ்கிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1247ஆம் சட்டத்தில் ஞாயிறு திருப்பலியைக் கடமையாக்கினாலும், அடுத்த சட்டத்திலேயே வழியும் காட்டுகிறது. முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும். குருவானவர் இல்லாமலோ வேறு தக்க காரணத்தாலோ திருப்பலிக்குப் போக இயலாதபோது, இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்ளவும், குடும்பமாகவோ பல குடும்பங்கள் கூடியோ செபிக்கவும் அது வலியுறுத்துகிறது. ஒரு நாள் பேர் (நாட்கூலி) போனால் கடைக்கடன் ஏறும் வீட்டின் நெருக்கடி தக்க காரணமே என்பது என் உறுதியான எண்ணம். ஐயமிருந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். 1245ஆம் சட்டப்படி தனிப்பட்டவருக்கு விலக்களிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் விலக்கு என்பது ஞாயிறை வெறுமையாக விடுவதற்கு அல்ல. கொழுந்துக் கறை படிந்த கைகளைக் கழுவிவிட்டு, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முன்வாசலில் அயல்வீட்டாரோடு அமர்ந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளை அன்றைய நற்செய்தியை வாசிக்க, பெரியவர்கள் செபமாலை சொல்லலாம். குருவில்லாத ஞாயிறு உங்களுக்கு மட்டும் வந்ததல்ல; ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து 1711இல் கண்டியில் மறைந்த புனித யோசேவாஸ், நெடுங்காலம் குருக்களின்றி வாழ்ந்த கத்தோலிக்கரைத்தான் தேடிச் சென்றார். கைப்பேசியில் ஒளிபரப்பாகும் திருப்பலி நோயாளருக்கு ஆறுதல்தான். நேரில் போகக்கூடியவர் அதோடு நின்றுவிடக் கூடாது.