கூட்டச் சொன்னால் ஒட்டுகிறதே!

கேள்வி: விக்கிப்பீடியாவில் இருக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களின் அட்டவணையைப் பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பை வைத்து எடுத்தேன். அழகாக வந்துவிட்டது. ஆனால் மக்கள்தொகையைக் கூட்டச் சொன்னால் முழ நீளத்துக்கு எண்களைக் கொட்டுகிறது. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: அந்த நெடுவரிசையில் இருப்பதெல்லாம் எண் மாதிரி தெரிகிற எழுத்துகள். பக்கத்திலிருந்து அட்டவணையை எடுத்துத்தரும் பாண்டாஸ் கட்டளையான ரீட்_எச்டிஎம்எல் காற்புள்ளிகளைத் தானாகவே நீக்கிவிடும், 46,46,732 என்று நம் ஊர் வழக்கப்படி போட்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் ஏதாவது ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பின்னால் [3] என்று அடிக்குறிப்பு தொற்றிக்கொண்டிருந்தால் போதும், நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகவே வைத்துவிடும். எழுத்தைக் கூட்டினால் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டத்தானே செய்யும்.

உடனே பலரும் செய்வது, இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் அழித்துவிடுவது. செய்யாதீர்கள். சென்னையின் 46,46,732[3] அப்போது 4,64,67,323 ஆகிவிடும், நாலரைக் கோடிக்கும் மேல்! எந்தப் பிழைச் செய்தியும் வராது. முதலில் சதுர அடைப்பை உள்ளே இருப்பதோடு சேர்த்து வெட்டுங்கள், அப்புறம் அடிக்குறிப்புள்ள கட்டங்களில் நீங்காமல் நிற்கும் காற்புள்ளி, கடைசியாக எழுத்தை எண்ணாக மாற்றும் டு_நியூமெரிக் கட்டளை. அதில் எர்ரர்ஸ் என்ற விருப்பத்துக்கு 'கோயெர்ஸ்' கொடுத்தால் எண்ணாக மாறாதவை காலியாகிவிடும். வசதிதான், ஆனால் எத்தனை கட்டங்கள் காலியாயின என்று பார்க்காமல் விடாதீர்கள்.

2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 7,21,47,030. உங்களுக்கு 14 கோடிச் சொச்சம் வந்தால், அடியில் இருக்கும் 'மொத்தம்' வரியும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் மட்டும் கூடினால் மாவட்டங்களைச் சந்தேகப்படுங்கள். 2011இல் 32தான், இப்போது 38. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சிக்குத் தனி எண் போட்டுவிட்டு விழுப்புரத்துக்குப் பழைய எண்ணையே விட்டிருந்தால், அந்த ஊர்க்காரர்கள் இரண்டு தடவை எண்ணப்படுகிறார்கள். இதை ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: இன்னொரு தளத்தில் அட்டவணை கண்ணெதிரே தெரிகிறது, ஸ்கிரிப்டோ அட்டவணையே இல்லை என்கிறது?

பதில்: பிரவுசரில் 'வியூ பேஜ் சோர்ஸ்' போய் அட்டவணையில் உள்ள ஓர் எண்ணைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால், பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கொண்டுவந்து நிரப்புகிறது. டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ரீலோட் செய்யுங்கள், பெரும்பாலும் ஜேசனாக (நிரல்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவம்) ஒன்று வந்து இறங்கும். அந்த முகவரியையே நேரடியாக அழைத்தால் அட்டவணையைப் பிரித்தெடுக்கும் வேலையே மிச்சம்.