கேளுங்க, சொல்றோம்: கார்பேஜ் கலெக்டர் இருந்தும் மெமரி ஏன் ரொம்புது?

கேள்வி: அண்ணே, ஜாவால ப்ரோக்ராம் ஓடும்போது மெமரில உருவாகுற ஆப்ஜெக்ட்ட நாம அழிக்க வேணாம், கார்பேஜ் கலெக்டரே பாத்துக்கும்னு வகுப்புல சொன்னாங்க. ஆனா நான் எழுதுன பில்லிங் ப்ராஜெக்ட் காலைல நல்லா ஓடுது, சாயங்காலம் அவுட் ஆஃப் மெமரின்னு நின்னுருது. ஏன்?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, உங்களுக்கு எது வேணும் எது வேணாம்னு கலெக்டருக்குத் தெரியாது, எதுக்குப் போய்ச்சேர இன்னும் வழி இருக்குன்னு மட்டும்தான் தெரியும். ஓடிக்கிட்டு இருக்க மெத்தட்ல உள்ள வேரியபிள், ப்ரோக்ராம் ஓடுற வரைக்கும் கூடவே இருக்க ஸ்டாட்டிக் வேரியபிள், இந்த மாதிரி வேர்லேர்ந்து கிளம்பி, ஆப்ஜெக்ட்டைக் காட்டுற இணைப்பான ரெஃபரன்ஸைப் புடிச்சுப் புடிச்சுப் போகும், தொட்டதெல்லாம் தங்கும், தொட முடியாதது இருந்த இடம் காலி. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1960ல எழுதுன கட்டுரையிலயே இந்த யோசனை இருக்கு.

நம்ம செட்டிநாட்டுப் பெரிய வீட்டையே எடுத்துக்கங்க, பங்காளிக எல்லாம் வெளியூர்ல, ஆனா ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒரு அறை, உள்ள சீர் சாமான். வருஷக்கணக்கா திறக்கலன்னாலும் சாவி ஒருத்தர் கைல இருக்க வரைக்கும் யாரும் அதைத் தொட மாட்டாங்கல்ல? உங்க ப்ராஜெக்ட்ல அந்தச் சாவி அநேகமா ஒரு ஸ்டாட்டிக் லிஸ்ட். ஒவ்வொரு பில்லையும் அதுல ஆட் பண்ணிக்கிட்டே இருப்பீங்க, ரிமூவ் இருக்காது. ஆப்ஜெக்ட்டெல்லாம் தங்குற மெமரியான ஹீப்போட சைஸைக் கூட்டாதீங்க, நாளைக்கு நிக்கிறது நாளன்னிக்கு நிக்கும், அவ்ளோதான். ஹீப் டம்ப், அதாவது அந்த நேரம் ஹீப்ல என்னென்ன இருக்குங்கறதோட நகல், எடுத்து எந்த கிளாஸோட ஆப்ஜெக்ட் குவிஞ்சிருக்கு, அதை யாரு புடிச்சு வச்சிருக்கான்னு பாருங்க, அதுவே காட்டிக்குடுத்துரும்.

கேள்வி: ரெண்டு ஆப்ஜெக்ட் ஒன்னை ஒன்னு புடிச்சுக்கிட்டு இருந்தா ரெண்டுமே போகாதா? கலெக்டரை ஓடச் சொல்ற சிஸ்டம் டாட் ஜிசி கூப்பிட்டாவது போகுமா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: ஜாவால போயிரும்மா, வேர்லேர்ந்து வழி இல்லன்னா அதுங்க தங்களுக்குள்ள புடிச்சிருக்கறது கணக்குல வராது. எத்தனை ரெஃபரன்ஸ் இருக்குன்னு எண்ணுற முறைலதான் இது சிக்கல், அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே வராது. பைத்தான் மொழிய ஓட்டுற வழக்கமான ப்ரோக்ராமான சிபைத்தான் அப்படித்தான் எண்ணுது, அதனாலதான் 2000ல வந்த 2.0லேர்ந்து இந்த மாதிரி வளையத்தைத் தேட தனியா ஒரு கலெக்டரும் வச்சிருக்காங்க. சிஸ்டம் டாட் ஜிசி வெறும் வேண்டுகோள்தான், கட்டளை இல்ல. அதை கோடுல அங்கங்க தூவி வைக்கிறதைப் பாத்தா எனக்கு மனசே ஆறாது, ப்ரோக்ராம் தேவையில்லாம நின்னு நின்னு ஓடும். ஃபைல், டேட்டாபேஸ் கனெக்ஷனை மட்டும் கலெக்டரை நம்பி விட்றாதீங்க, அதை நீங்கதான் க்ளோஸ் பண்ணணும்.