காலையில் தாடை வலி: எங்கே நீவுவது?

விடிந்ததும் தாடை வலிக்கிறது, எங்கே நீவுவது என்று கேட்டிருந்தீர்கள். காதுக்கு முன்னால் உள்ள மூட்டை அமுக்காதீர்கள், கன்னத் தசையை நீவுங்கள். பல்லைக் கடித்தால் தாடைக் கோணத்துக்கு மேலே புடைக்குமே, அதுதான். பிறகு பற்களை விலக்கி, தாடையைத் தளரவிட்டு, இரு விரல்களால் கன்ன எலும்பிலிருந்து தாடை விளிம்புவரை மெதுவாக நீவுங்கள். வலிக்கும் முடிச்சில் 10 விநாடி அழுத்தினால் போதும். நீவுவதற்கு முன் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும்.

பல்லில் கோளாறில்லை, விடிந்ததும் வலி அதிகம் என்கிறீர்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தசையை அமுக்கும்போது வழக்கமான அதே வலி எழுகிறதா பாருங்கள். எழுந்தால் பெரும்பாலும் தசைவலிதான். தூங்கும்போது பற்களில் மாட்டிக்கொள்ளும் இரவுக் கவசம் பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வாய் மூன்று விரல் அகலம் திறக்காவிட்டாலோ, வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ நீவ வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது தாடை வலித்து மூச்சு வாங்கினால் இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.