பறவைப் பெயர் ஒன்றும் தெரியாமல் குழுவோடு பறவை பார்க்கப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்களும் ரொறொன்ரோவுக்குப் புதிது, நல்ல பைனாகுலர் இல்லை, விஷயம் தெரிந்தவர்கள் நடுவில் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சமே வேண்டாம்.

நானும் மகளும் ஸ்காபரோவில் இருந்து ஹை பார்க் என்ற பெரிய பூங்காவுக்குப் போவோம், கெனடி ஸ்டேஷனில் சப்வே ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். மே மாதத்தில் பறவைகள் இரவிரவாகப் பறந்து, சிலது ஒன்ராறியோ ஏரியையே கடந்து வந்து, விடிந்ததும் அங்குள்ள கறுப்பு ஓக் மரங்களில் பசியோடு புழு பூச்சி தேடும். அப்படி ஒரு காலையில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் எழுபது வயதைத் தாண்டியவர், தெரியாத பறவை இல்லை. ஆனால் வயது போகப் போக மிக உயர்ந்த சுருதி காதில் விழாது இல்லையா, பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்ற சின்னப் பறவையின் பாட்டு முடிகிற இடம் அப்படிப்பட்டது, ஊசி மாதிரி மெல்லியது. பதினொரு வயது மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, மேலே ஏதோ கீச்சிடுது" என்றாள். அவர் உடனே எல்லாரையும் நிறுத்தி, எந்தப் பக்கம் என்று அவளிடம்தான் கேட்டார். மரத்தைக் கடிகாரமாக வைத்துத்தான் அங்கே இடம் சொல்வார்கள். இரண்டு மணிப் பக்கம், உச்சிக் கொப்பு. தொண்டை நெருப்பு நிறம், எடை பத்து கிராம் அளவில், குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காடுகளில் கழித்துவிட்டு வந்த பறவை. அன்று முழுக்க அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவளுக்கு அதுவரை ராபினைத் தவிர ஒரு பெயரும் தெரியாது.

சத்தத்தைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் ஆப் இருக்கும்போது குழு எதற்கு என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஆப் பெயரைச் சொல்லும், எந்தக் கொப்பு என்று சொல்லாது. வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு: நான் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகப் போகிறவன்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வருகிற இந்தப் பறவைகள்தான் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடிக் கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜம் என்று நம்பி மோதிச் சாகின்றன. கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி ஒட்டினால் பெரும்பாலும் தடுக்கலாம். நிர்வாகத்திடம் கேட்டால் பார்க்க வடிவாக இராதாம். லொபிக்குப் புது சோபா வாங்க மட்டும் காசு இருக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கேட்டதுக்கு வருகிறேன். குழுவில் வருகிறவர்களே பைனாகுலர் தருவார்கள், கேளுங்கள். பறவையில் இருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். மே நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள், மாதக் கடைசியில் ஓக் இலை முழுதாக விரிந்துவிடும், பிறகு சத்தம் கேட்கும், ஆளைக் காண்பது கஷ்டம்.