பிள்ளைகளை எந்த வயதில் அடுப்பைத் தொட விடலாம்?

"மகளுக்கு ஒன்பது வயது. தானே தோசை சுடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். மாமியார் கூடவே கூடாது என்கிறார். எந்த வயதில் விடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் என் மகளைப் பத்தரை வயதில் விட்டோம். அதற்குப் பெரிய கணக்கு ஏதும் இல்லை. சமையல் மேடைக்கு மேலே அவள் முழங்கை வந்தது அப்போதுதான். முக்காலியில் ஏறி நின்று சமைக்க மட்டும் நான் சம்மதிக்கவே இல்லை. முக்காலி சரிந்தால் கை தாவிப் பிடிப்பது வாணலிக் காதைத்தான்.

பற்றவைக்கச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அணைந்துபோனால் என்ன செய்வது என்பதற்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். அதற்கென்று வாசனை கிடையாது. நாம் முகர்கிற நாற்றம், கசிவு தெரியட்டும் என்று கலக்கிற எத்தில் மெர்கேப்டனுடையது. "நாற்றத்தைக் காசு கொடுத்தா வாங்கிக் கலக்கிறார்கள்?" என்று இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரித்ததாலோ என்னவோ, வரிசை மறக்கவில்லை: குமிழை மூடு, ரெகுலேட்டரை மூடு, கதவு சன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. 1906 என்ற கசிவு உதவி எண்ணை அவளே எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினாள்.

ஒருநாள் மாலை நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பால் பொங்கி வழியும் சத்தம். உடனே 'டக்' என்று குமிழ் திரும்பியது. அடுத்து சன்னல் கொக்கி விழுந்தது. அதற்குப் பிறகுதான், "அம்மா, பால் போய்விட்டது" என்ற அழுகுரல். மறுநாளிலிருந்து அவள் சமைக்கும்போது நான் உள்ளே போய் நிற்பதில்லை.

அவள் தம்பிக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தால் கரண்டியை வீசிவிட்டு ஓடுகிறான். அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. இந்த அநியாயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பதினைந்தில் மகள் ஸ்கூட்டர் கேட்டாள். அதில் நான் சோதனை எதுவும் வைக்கவில்லை. தெருவில் தவறினால் விழுவது அவள் மட்டுமல்ல. 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு 16 வயது, மற்றதற்கு 18 என்பது சட்டம். இன்று கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே 100 சிசியைத் தாண்டியவை. 2019 திருத்தத்தின்படி சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டுகிறானே" என்றாள். ஓட்டட்டும் என்றேன்.

மாதவிடாயைப் பற்றி மட்டும் அடுப்புக்கும் முன்னாலேயே, அவளுடைய ஒன்பதாவது வயதில் சொல்லிவிட்டேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளிக் கழிவறையில், வயிற்றுக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்து, மணி அடித்த பிறகும் வெளியே வராமல் நின்றிருந்தேன். "இவ்வளவு சின்னப் பெண்ணிடம் இதையெல்லாமா பேசுவாய்?" என்று என் அம்மா கோபித்துக்கொண்டார். அந்தக் கழிவறைக் கதையைச் சொன்னேன். அதுவரை அவருக்கே தெரியாது.

உங்கள் மகளிடம் வருகிறேன். சிலிண்டரை மூடிவிட்டு, வெறும் அடுப்பில் சில நாள் ஒத்திகை பாருங்கள். சமையல் மேடை உயரம் ஒத்துவந்தால் பிறகு நீங்கள் பக்கத்தில் நிற்க, சிறு தீயில் தோசைக்கல்லைப் போடட்டும். முதல் தோசை எப்படியும் கருகும். அதை மாமியார் தட்டில் வைத்துவிடாதீர்கள்.