மோட்டார் பாதத்துக்கு எந்த ஷிம் தகடு?

கேள்வி: துவாஸில் உள்ள எங்கள் பட்டறையில், கடல்நீர் பம்பை இயக்கும் மோட்டாரின் பாதங்களுக்கு அடியில் உயரத்தைச் சரிசெய்ய வைத்த சாதாரண எஃகு ஷிம் தகடுகள் சில மாதங்களிலேயே துருப்பிடித்துவிட்டன. பித்தளைக்கு மாறலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மாற வேண்டாம். கத்தரியால் வெட்டுமளவு மென்மையான மெல்லிய பித்தளைத் தகடு, லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வெட்டுக்கருவியின் உயரத்தைச் சரிசெய்யவும் வேலைத்துண்டில் கீறல் விழாமல் பிடிக்கவும் மிகவும் ஏற்றது; ஆனால் போல்ட்டின் இறுக்கமும் ஓயாத அதிர்வும் சேருமிடத்தில் அந்த மென்மையே அது நசுங்கக் காரணமாகலாம். துருப்பிடித்த எஃகுத் தகடோ பருத்து, மோட்டார் தண்டும் பம்பின் தண்டும் ஒரே கோட்டில் இருக்க நீங்கள் பாடுபட்டு அமைத்த நேர்கோட்டைக் குலைத்துவிடும். ஆகவே துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்தெடுங்கள். உலர்ந்த அறைக்கு அதில் 304 என்ற ரகம் போதும். உப்புநீர் தெறிக்கும் உங்கள் இடத்துக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். எனினும், அதைத் தொட்டிருக்கும் சாதாரண எஃகு அடித்தளம் ஈரத்தில் விரைவாக அரிக்கப்படும் என்பதால், அங்கே வண்ணப்பூச்சு உரிய விடாதீர்கள்.

ஒரு பாதத்தின் கீழ் 4 தகடுகளுக்கு மேல் அடுக்கினால் அந்த அடுக்கு சுருள்வில் போல் அமுங்கும். பல மெல்லிய தகடுகளுக்குப் பதில் தடித்த ஒன்றை வையுங்கள். அச்சிட்ட தடிமனை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து, ஓரப் பிசிறை நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தும்போது பாதம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால், அதன் அடியில் இடைவெளி இருக்கிறதென்று பொருள். அவசரத்துக்குக் குளிர்பானக் கேனை வெட்டிச் செருகும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.