கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் வெள்ளை நிறக் கார் வாங்கினோம். கதவுகளுக்கு நடுவில் உள்ள பில்லரும் முன்பக்க கிரில்லும் பளபளக்கும் கறுப்பு நிறத்தில் இருக்கின்றன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாட்டர் வாஷ் செய்கிறோம். இடைப்பட்ட நாள்களில் அந்தக் கறுப்பின் மேல் படியும் தூசியைப் பார்க்கப் பொறுக்காமல், தினமும் காலையில் மென்மையான துணியால் துடைத்துவிடுவேன். இப்போது அங்கே மட்டும் தலைமுடி போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. வெள்ளைப் பகுதியில் ஒன்றுமே இல்லை. பாகத்தின் தரம் சரியில்லையா? வாஷுக்கு நடுவே இதை எப்படிச் சுத்தம் செய்வது?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: பாகத்தின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கோடுகள் காலைதோறும் உலர்ந்த துணியால் துடைத்ததால் விழுந்தவை. துணி எத்தனை மென்மையாக இருந்தாலும், அதற்கு அடியில் அகப்பட்டு இழுபடும் மணல் துகள் கடினமானது. உங்கள் பகுதியில் கடற்காற்றோடு வரும் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். கனிமங்களின் கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஏறத்தாழ 5.5தான் என்னும்போது, பிளாஸ்டிக்கும் பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட்டும் அதன் முன் நிற்காது. தூசி தன்பாட்டுக்குப் படிந்து கிடக்கும்வரை கீறல் விழுவதில்லை. ஆகவே, நனைத்துத் துடைக்க நேரமில்லாத நாளில் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பெயின்ட்டிலும் கோடுகள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே கீறலில் சிதறும் ஒளி வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்துவிடுகிறது. கறுப்பில் கலக்க எதுவும் இல்லாததால் ஒவ்வொரு கோடும் தனித்து மினுங்குகிறது. இரவில் கைப்பேசி டார்ச்சை பில்லரின் அருகில் பிடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போல வளைய வளையமாகக் கோடுகள் எழும். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் இருக்க, அந்தந்த இடத்தில் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் அப்படித் தோன்றுகிறது.

வாஷுக்கு நடுவே சுத்தம் செய்ய, கழுவி ஊற்றத் தேவையில்லாத 'ரின்ஸ்லெஸ் வாஷ்' திரவம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பலவற்றுக்கு 1 பங்கு திரவத்துக்கு 256 பங்கு நீர், அதாவது 1 லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லி என்பது கணக்கு. உங்கள் புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலப்பது நல்லது. வண்டி நிழலில் நின்று, கறுப்புப் பகுதி தொட்டால் சுடாத நிலையில் இருக்க வேண்டும். நீர் வழிந்தோடும் அளவுக்கு ஸ்பிரே செய்து, ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு, அதே கலவையில் நன்றாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியைப் பில்லரின் மேல் வைத்து, துணியின் எடையே போதும் என்ற அளவில், மேலிருந்து கீழாக ஒரே ஒருமுறை இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், வந்த வழியே திரும்பவும் இழுக்காதீர்கள். துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு புதிய பக்கம். இறுதியில் உலர்ந்த இன்னொரு மைக்ரோஃபைபர் துணியை ஒற்றி எடுங்கள்.

துணியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, பழைய பனியன், இறகு டஸ்டர் ஆகிய எதுவும் இதற்கு ஆகாது. இழை நீண்டு, விளிம்பில் தடித்த தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணிகள் நான்கைந்தை இந்த வேலைக்கென்றே தனியாக வையுங்கள். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் இழை நீரை உறிஞ்சாது. தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் காரில் வைக்காதீர்கள். ஒரு வாட்டர் வாஷ் கடையில் வீல் துடைத்த துணியாலேயே என் காரின் பில்லரையும் துடைத்துவிட்டார்கள்; அன்று விழுந்த கோடுகள் இரண்டு ஆண்டுகளாகியும் போகவில்லை. அடுக்குமாடி வளாகங்களில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களைத் துடைப்பதும் இதே பாதிப்பைத் தரும். கார் துடைக்க வருபவரிடம், கறுப்புப் பகுதியைத் தொட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது. கலவையில் நனைத்த டிஷ்யூவை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, இளகிய பிறகு வழித்தெடுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் ஆழமாகக் கீறும்.

கேள்வி: காருக்குள் கியரைச் சுற்றியுள்ள பளபளப்பான கறுப்பு பேனலுக்கும் இதே முறைதானா? வீட்டுக் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அம்மோனியா அல்லது ஆல்கஹால் கலந்த ஸ்பிரேக்கள் அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். உள்ளே சுவிட்சுகள் இருப்பதால் நேரடியாக எதையும் தெளிக்கவும் கூடாது. மிருதுவான மேக்கப் பிரஷ்ஷால் தூசியை மெல்லத் தள்ளிவிட்டு, கலவையில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்க்கும்போது பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, தூசியை முன்னிலும் வேகமாக இழுக்கும். துடைத்த அரை மணி நேரத்தில் மீண்டும் தூசி படிகிறது என்று பலர் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த கோடுகளைப் போக்க முடியுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நகத்தில் தட்டாத கோடுகள் என்றால் ஃபைன் பாலிஷும் மிருதுவான ஸ்பாஞ்சும் கொண்டு கையாலேயே பெருமளவு குறைக்கலாம். மெஷின் வைத்தால் பிளாஸ்டிக் சீக்கிரம் சூடாகிவிடும் என்பதால், பழகிய கை வேண்டும். கோடுகள் போன பிறகு பில்லருக்கு பிபிஎஃப் எனப்படும், பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் படலத்தை ஒட்டிக்கொள்வது செலவுக்குத் தகுந்த பாதுகாப்பு. செராமிக் கோட்டிங் தூசி ஒட்டுவதைக் குறைக்குமே தவிர, உலர்ந்த துணியின் கீறலைத் தடுக்காது. பாலிஷைத் தொடும் முன் பில்லரின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சில கார்களில் அந்தக் கறுப்பு வெறும் ஸ்டிக்கர்தான். அப்படியிருந்தால் பாலிஷ் போடாமல் புதிய ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள்.